அக்காவுக்கு ஒரு சேர்

1

இந்தக் குளிர்காலத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குள் நுழைந்தபோது பின்பக்கத்துப் பெஞ்சுகளுக்குக் குறுக்கே நீலக் கயிறு ஒன்று கட்டியிருந்தது. துணி காயப்போடுகிற நைலான் கயிறுதான். இந்தத் தூணில் ஒரு முடிச்சு, அந்தத் தூணில் ஒரு முடிச்சு. அதைத் தாண்டி இனி யாரும் உட்காரக் கூடாதாம்.

நான் இருப்பது நியூசிலாந்தின் தெற்கு மூலையில், இன்வர்கார்கில் என்கிற ஊரில். இதற்கும் கீழே போனால் பனிக்கட்டிதான் என்று என் வீட்டுக்காரர் ஊருக்குப் போன் பேசும்போதெல்லாம் சொல்வார். இங்கே ஜூன் மாதம் என்றால் குளிர் எலும்புக்குள் போகும். கும்மிடிப்பூண்டியில் ஜூன் மாதத்தில் தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொண்ட கால்களுக்கு இது புரிவதற்கே சில வருஷம் பிடித்தது.

சர்ச் வாசலில் நின்று கைகுலுக்கி வரவேற்பவர் கிரஹாம். எண்பதை நெருங்குகிற மனிதர். எல்லோருடைய பெயரும் தெரியும், என் பெயரையும் சரியாகவே சொல்வார். என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே விளக்கம் சொன்னார். "பின்னால் இருக்கிற ஹீட்டர் போய்விட்டது, எஸ்தர். இனி அதைச் சரிசெய்யப் போவதில்லை. இருக்கிறதே கொஞ்சம் பேர். எல்லோரும் முன்னால் ஒன்றாக உட்கார்ந்தால் கதகதப்பாக இருக்கும்."

நியாயமான பேச்சு. கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் கயிற்றுக்கு அந்தப் பக்கம், கடைசியிலிருந்து மூன்றாவது பெஞ்சில், தூணை ஒட்டித்தான் எங்கள் இடம் இருந்தது. என் வீட்டுக்காரர் சாமுவேல் ஓரத்தில், நான் உள்ளே. அவர் காலமாகி இந்த ஆடியோடு இரண்டு வருஷம். அவர் போன பிறகும் நான் ஓரத்தை விட்டுவிட்டு உள்ளே தள்ளித்தான் உட்கார்ந்தேன். தாமதமாக வருகிற யாராவது அங்கே பார்வையை ஓட்டினால் என் கைப்பையைத் தூக்கி அந்த இடத்தில் வைத்துவிடுவேன். பைக்கு ஒரு இடம் பிடித்து வைத்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

அன்றைக்கு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். வகுப்பில் பேசிய பிள்ளையை முன்னால் இழுத்து உட்கார வைத்த மாதிரி இருந்தது. பாட்டு முடிவதற்குள் எத்தனையோ தடவை திரும்பிப் பார்த்துவிட்டேன். பின்னால் இருட்டு, வெறும் பெஞ்சு, அந்தக் கயிறு. வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போது எனக்குள் நானே சொல்லிக்கொண்டேன்: போதும், ஊருக்குப் போய்விடலாம்.

2

இந்த நாட்டில் எங்கள் முதல் ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும்.

நம் பக்கத்தில் சர்ச்சுக்குள் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து உட்காருவது கல்யாணத்தன்று மட்டும்தான். அதுவும் எல்லோர் முன்னாலும், வியர்த்துக்கொண்டு. மறுவாரமே ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். வாசலில் செருப்பைக் கழற்றுகிறவரை ஒன்றாக வருவோம், பிறகு ஒரு வார்த்தை பேசாமல் பிரிந்துவிடுவோம். இதை ஒரு வழக்கம் என்றுகூட நாங்கள் யோசித்ததில்லை.

இங்கேயும் அப்படித்தான் செய்தோம். சாமுவேல் வலப்பக்கப் பெஞ்சுக்குப் போய்விட்டார். இடப்பக்கத்திலும் ஆண்கள் உட்கார்ந்திருந்ததால் எனக்குக் குழப்பம். வாசலில் நின்ற ஒரு அம்மாவிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் "லேடீஸ் சைடு எங்கே?" என்று கேட்டேன். அவர் அன்போடு என் கையைப் பிடித்து அழைத்துப் போய்ப் பெண்கள் கழிப்பறை வாசலில் விட்டார். மரியாதைக்காக உள்ளே போய்க் கை கழுவிவிட்டு வந்தேன்.

பிறகு கைக்குழந்தையாக இருந்த எங்கள் மகளைத் தூக்கிக்கொண்டு இடப்பக்கத்தில் தனியாக உட்கார்ந்தேன். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். மூன்றாவது வாரம் முடிந்து ஒரு மாலையில் கிரஹாமும் அவர் மனைவியும் கேக் ஒன்றைச் சுட்டு எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தேநீர் குடித்தார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள். கிளம்பும்போது கிரஹாமின் மனைவி என் கையில் ஒரு துண்டுப் பிரசுரத்தை வைத்து அழுத்தினார். தம்பதிகளுக்குள் மனஸ்தாபம் இருந்தால் யாரிடம் போய்ப் பேசலாம் என்று அதில் போட்டிருந்தது.

சாமுவேல் அதைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "அடப்பாவமே, நமக்கு சண்டைன்னு நெனச்சிக்கினாங்கடி. இனிமே ஒண்ணாவே குந்திடலாம், ஊரு வாய மூடணும்ல" என்றார்.

அப்படித்தான் தூணோரத்துப் பெஞ்சு எங்களுக்கு வந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் பாடுவதை அப்போதுதான் பக்கத்திலிருந்து கேட்டேன். ஊரில் ஆண்கள் பக்கத்திலிருந்து வருகிற கும்பல் சத்தத்தில் அவர் குரல் எது என்று எனக்குத் தெரியாது, கணீரென்று பாடுகிறவர் அவர்தான் என்று நானாக நினைத்து வைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தெரிகிறது, மனிதர் முதல் வரியைத் தவிர எதையும் பாடுவதில்லை. வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கிறார். தமிழ்ப் பாட்டிலும் அதைத்தான் செய்திருக்கிறார். நான் முழங்கையால் இடித்தேன். அவர் முகத்தை மாற்றாமல் என் காலை மிதித்தார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் பாதி சந்தோஷம் அந்தப் பெஞ்சில்தான் நடந்தது. அதற்குத்தான் கயிறு கட்டியிருக்கிறார்கள்.

3

எங்கள் ஊர் சர்ச் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால், ஏரிக்கரையை ஒட்டிய காலனியில் இருக்கிறது. அப்பா காலத்தில் எல்லோரும் அடுத்தவர் நெல்வயலில் கூலி. அடுத்த தலைமுறை ஆலை வேலை. வெள்ளைச் சட்டையை வெளியே காயப்போட்டால் சாயங்காலத்துக்குள் கரி படியும், அதைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. கரி படிந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

அந்த சர்ச்சில் பெஞ்சு கிடையாது. எல்லோருக்கும் பாய்தான். நிலத்துக்காரர் வீட்டு முற்றத்தில் எங்கள் ஆட்கள் தரையில் குந்த, அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து பேசிய காலத்தில் கட்டிய சர்ச் அது. இங்கேயாவது ஒருத்தர் மேலே, ஒருத்தர் கீழே என்று இருக்கக் கூடாது என்று அப்போதே சபையில் முடிவு செய்துவிட்டார்கள். போதகரும் பிரசங்கம் முடிந்ததும் பாயில்தான் வந்து உட்காருவார். முட்டி வலிக்காரர்கள் சுவரோரம் சாய்ந்து காலை நீட்டிக்கொள்வார்கள். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு யூனிபார்மோடு வருகிற ஆண்கள் கதவுப் பக்கம் உட்கார்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவார்கள். யாரும் எழுப்பமாட்டார்கள். ஜெபத்துக்கு எல்லோரும் முழங்கால் போடும்போது மட்டும் பக்கத்து ஆள் இடித்துவிடுவார்.

நானும் என் தங்கை கிரேஸியும் பெண்கள் பக்கத்தில் இரண்டாவது ஜன்னலுக்குக் கீழே. முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு குந்துவோம். ஒருத்தி தாவணி நுனியை இன்னொருத்தி உட்கார்ந்து நசுக்குவது வாராவாரம் நடக்கிற சண்டை. பின்னாளில் சாமுவேல் சிப்காட்டில் வெல்டராகச் சேர்ந்ததும் அந்த ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி அடித்துக் கொடுத்தார். எங்கள் ஜன்னலுக்கு மட்டும் நடுவில் ஒரு திராட்சைக் கொடி வைத்தார். அதைப் பார்த்துத்தான் கிரேஸி முதலில் கண்டுபிடித்தாள். "எக்கா, மத்த ஜன்னலுக்கெல்லாம் வெறுங் கம்பிதான் கீது. இது உனக்குத்தான்" என்று என் காதைக் கடித்தாள்.

சேர் என்று இரண்டே இரண்டு உள்ளறையில் இருந்தன. மரச் சேர். பிஷப் வந்தால் ஒன்று, கிறிஸ்துமஸுக்கு விருந்தாளியாகக் கம்பெனி அதிகாரி யாராவது வந்தால் இன்னொன்று. ஒருமுறை அப்படி ஒருவர் வந்தார். ஷூவைக் கழற்றாமல் சேரில் உட்கார்ந்தார். சுற்றிலும் பாயில் சனங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் உயரத்தில் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் இருந்தார். கிரேஸி அப்போது சின்னவள். என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்: "பாவம்க்கா, அந்த ஆளுக்கு பாயில எடம் கெடைக்கல போல."

நானும் அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன்.

4

ஊருக்குப் போவது என்று முடிவானதும் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. கிரேஸி வீட்டை ஒட்டி அப்பாவின் மனையில் என் பங்கு அப்படியே கிடக்கிறது. ஒரு அறை போட்டுக்கொண்டு அங்கேயே இருந்துவிடலாமா, கூடாதா? யாரிடமும் கேட்கவில்லை. எனக்கு நானே ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். அந்த ஜன்னலுக்குக் கீழே, பாயில், கிரேஸி பக்கத்தில், ஒரு ஆராதனை முழுக்க என்னால் உட்கார முடிந்தால் திரும்பிவிடுவது. முடியாவிட்டால் இங்கேயே கிடந்து சாவது.

ஆனால் தரையில் உட்கார்ந்து எத்தனை வருஷம்! முதியோர் இல்லத்து சலவை அறையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. வீட்டில் சோபா, காரில் சீட்டு. முட்டி இரண்டும் துருப்பிடித்த கீல். கூடத்தில் போர்வையை நான்காக மடித்துப் போட்டு, சோபாவைப் பிடித்துக்கொண்டு குந்திப் பழகினேன். முதல் நாள் இறங்கவே முடியவில்லை, இறங்கிய பிறகு ஏறவும் முடியவில்லை. தவழ்ந்து போய்க் கதவைப் பிடித்து எழுந்தேன்.

அப்படி ஒருநாள் தரையில் கிடக்கும்போது என் மகள் ஷெர்லின் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து வந்துவிட்டாள். கதவைத் திறந்தவள் அலறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அம்மா! விழுந்துட்டீங்களா?"

"விழல. குந்திப் பழகுறேன்."

"எதுக்கு?"

"ஊர்ல சர்ச்சுக்குப் போறதுக்கு."

"அங்க சேர் இருக்காதா?"

"இருக்கு."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கவலைதான் இருந்தது. டாக்டரிடம் காட்டலாமா என்று யோசிக்கிற பார்வை. அவளுக்கு எப்படிச் சொல்வது? பிறந்த ஊர் சர்ச்சில் அவள் என் மடியில் இருந்தவள். இங்கே முதலில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடம் போனதும் பெஞ்சின் மறுமுனைக்குப் போனாள். ஹைஸ்கூலில், அப்பா வாயசைப்பதைப் பார்த்துச் சிநேகிதிகள் சிரிக்கிறார்கள் என்று சர்ச் மாடிக்குப் போனாள். அதற்குப் பிறகு காரில் உட்கார்ந்திருந்தாள். பிறகு வீட்டில். இப்போது வேறு ஊரில். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்தான் தள்ளிப் போனாள், அதனால் எந்தத் தடவையும் நாங்கள் தடுக்கவில்லை.

நான் திரும்பிப் போய்விடலாம் என்று இருக்கிறேன் என்று சொன்னேன். "உங்க இஷ்டம்மா" என்றாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் போனில் விமான டிக்கெட் பார்க்க ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு விசா. இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு இந்த நாட்டுப் பாஸ்போர்ட் வாங்கியவள் நான். வெளிநாட்டு இந்தியர்களுக்குக் கொடுக்கிற அட்டைக்கு எழுதிப் போட்டால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சர்ச்சில் கொடுத்த கல்யாணச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் ஒற்றை இனிஷியல் இருக்கிறது, இங்கத்துப் பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் முழுசாகப் பின்னால் நிற்கிறது. இரண்டும் ஒரே பெண்தான் என்று நிரூபிக்க வேண்டுமாம். அதற்கு நேரமில்லாமல் கம்ப்யூட்டரிலேயே விசா கேட்டேன். எதற்காக வருகிறீர்கள் என்ற கேள்விக்கு எனக்குப் பொருந்தியது ஒன்றுதான்: சுற்றுலா. அதற்குள் ஒரு உட்பிரிவு, உறவினரைப் பார்க்க. பிறந்த வீட்டுக்குச் சுற்றுலா போகிறேன் என்று நானே பதிந்தேன்.

5

விமான நிலையத்துக்கு கிரேஸியே வந்திருந்தாள், வாடகைக் காரோடு. எனக்கு சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி ரயிலில் போக ஆசை. பொன்னேரி தாண்டியதும் வருகிற காற்று வேண்டும். சொன்னேன்.

"உனக்கு இன்னா கிறுக்கா? ஃபாரின்லேர்ந்து வந்தவள கூட்டத்துல நசுக்கிக்கினு இட்டுக்கினு போனா பாக்கறவன் என்னைத்தான் திட்டுவான். ஏசி போட சொல்லிக்கீறேன், பேசாம வா."

அவள் இளைத்திருந்தாள். புருஷன் ஷிப்ட் வேலை, இவள் கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற வேலை. இருந்தும் எனக்காக வீட்டுக்கு வெள்ளை அடித்திருந்தாள். புதுக் கட்டில், புது மெத்தை, கேன் தண்ணீர். அவர்கள் எல்லோரும் சில்வர் தட்டில் சாப்பிட, எனக்குப் பூப்போட்ட கண்ணாடித் தட்டு. நான் சில்வர் தட்டு கேட்டேன். "அது அடி வாங்கிக் கீதுக்கா, உனுக்கு வேணாம்" என்று பிடுங்கிக்கொண்டாள். தூங்கும்போது கீழே அவள் பக்கத்தில் படுக்கிறேன் என்றேன். கேட்கவில்லை. கட்டிலில் நான், தரையில் அவள். கையைத் தொங்கவிட்டால் அவள் தலை படும் தூரம், ஆனாலும் தொங்கவிடவில்லை.

மறுநாள் காலையில் நாஷ்டா சாப்பிடும்போது மெதுவாகப் பேச்சை எடுத்தேன். "கிரேஸி, நம்ம மனையில ஒரு ரூம் போட்டுக்கினு நான் இங்கயே வந்துட்டா இன்னா?"

அவள் சிரித்தாள். கெட்ட மனசோடு சிரிக்கவில்லை, வேடிக்கை கேட்ட மாதிரி சிரித்தாள். "நீ இங்க எப்டிக்கா இருப்ப? இந்தப் புழுக்கமும் கொசுவும் உனுக்கு ஒத்துக்குமா? ரெண்டு நாளுக்கு மேல தாங்கமாட்ட. அப்புறம் எங்களுக்குத்தான் பேஜாரு."

"நான் இங்கதானடி பொறந்தேன்."

"பொறந்த. யாரு இல்லன்னது? இன்னொரு இட்லி வெச்சிக்கோ."

ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று இருந்தேன். பாயில் என்னைப் பார்த்தால் அவளுக்கே தெரிந்துவிடும் என்று நம்பினேன்.

6

சர்ச் வாசலில் செருப்பைக் கழற்றிய இடத்தில் பழைய படிக்கட்டு இல்லை. தரை முழுக்க டைல்ஸ். சுற்றுவட்டாரத்தில் எல்லா சர்ச்சிலும் சேர் வந்துவிட்டதாம். இங்கே மட்டும் பாயை விடவில்லை, கோரைப்பாய் போய் பிளாஸ்டிக் பாய் வந்திருக்கிறது. அவ்வளவுதான் மாற்றம். இரண்டாவது ஜன்னலில் திராட்சைக் கொடி இருந்தது. பச்சை பெயின்ட் அடித்திருந்தார்கள். நான் முக்காடு போட்டுக்கொண்டு நேராகப் போய் அதற்குக் கீழே, சுவரைப் பிடித்து, பல்லைக் கடித்து, குந்திவிட்டேன்.

குந்திவிட்டேன்! சம்மணம் சரியாக வரவில்லை, ஒரு முட்டி கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றது. ஆனால் பாயில் இருந்தேன். பக்கத்தில் இருந்த பெண்ணின் புடவையிலிருந்து பழைய மல்லிகையும் வியர்வையும் கலந்த வாசனை வந்தது. தூரத்தில் சிப்காட்டில் ஷிப்ட் சங்கு ஊதியது. கதவுப் பக்கம் ஒரு ஆள் யூனிபார்மோடு தூங்க ஆரம்பித்திருந்தார். மனசுக்குள் சாமுவேலிடம் சொன்னேன், பார்த்தீர்களா, வந்துவிட்டேன் என்று.

அப்போதுதான் பக்கத்துப் பெண் நகர்ந்தாள். என் புடவை அவள் மேல் படாமல் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு அடுத்தவளும் நகர்ந்தாள். "நல்லா தாராளமா உக்காருங்கம்மா" என்றாள். அன்றைக்குக் கூட்டம், மற்ற இடத்திலெல்லாம் தோளோடு தோள் நெருக்கம். என்னைச் சுற்றி மட்டும் ஒரு பாய் அளவுக்குத் தரை காலியாகிவிட்டது. நான் ஒரு பக்கமாக நகர்ந்து இடத்தை அடைக்கப் பார்த்தேன். அவர்கள் இன்னும் கொஞ்சம் நகர்ந்தார்கள்.

அன்றைக்கு சாமுவேலுக்காக நினைவு ஜெபம் சொல்லியிருந்தோம். புதுப் போதகர், இளைஞர், நான் இருந்த காலத்தில் பிறந்திருக்கவே மாட்டார். மைக்கில் சாமுவேலின் பெயரைச் சொல்லி, ஜன்னல் கம்பியைக் காட்டி, நல்லவிதமாகத்தான் பேசினார். பிறகு என்னைத் தேடினார். கண்டுபிடித்ததும் அவர் முகத்தில் ஒரு பதற்றம்.

"நியூசிலாந்து தேசத்திலிருந்து நம்ம மத்தியில வந்திருக்கிற அன்பு சகோதரி தரையில உக்காந்திருக்காங்க. யாராவது ஒரு சேர் போடுங்கப்பா."

"வேணாம் ஐயா" என்றேன். மைக் இல்லாத குரல் எங்கே போகும்?

இரண்டு பேர் தள்ளிக் குந்தியிருந்த கிரேஸி ஏற்கெனவே எழுந்துவிட்டிருந்தாள். உள்ளறைக்குப் போய் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் சேரைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, பெண்களுக்கு நடுவில் கால் வைக்க இடம் தேடித் தேடி வந்தாள். என் முன்னால் வைத்தாள். புடவை முந்தானையால் துடைத்தாள். ஒரு தடவை இல்லை, சாய்கிற இடம், கை வைக்கிற இடம், எல்லாம்.

"உக்காருக்கா."

மற்றவர்களிடமெல்லாம் குந்து என்பவள் என்னிடம் உக்காரு என்கிறாள். "கிரேஸி, நான் உன் பக்கத்துலதான் குந்துவேன். முட்டி வலிக்கல. பழகிக்கினுதான் வந்துகீறேன்" என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும்.

அவள் குனிந்து, உதடு அசையாமல் பேசினாள். "எக்கா, எல்லாரும் பாக்கறாங்க. கூடப் பொறந்தவள தரையில குந்த வெச்சிட்டு இவ பாட்டுக்குக் கீறான்னு என்னைத்தானே பேசுவாங்க? நீ போயிடுவ. நான்தானே இவங்க மூஞ்சில முழிக்கணும்? என் மானத்த வாங்காத. உக்காரு."

நீ போயிடுவ. அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஏரி மேற்கே இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

உட்கார்ந்தேன். உயரத்திலிருந்து பார்த்தால் எல்லோருடைய உச்சியும் தெரிகிறது. என் காலடியில் கிரேஸி உட்கார்ந்தாள். அவள் முக்காடு சரிந்த இடத்தில் வகிடு அகலமாகி, இரண்டு பக்கமும் நரைத்திருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் தலையைப் பகல் வெளிச்சத்தில் நான் மேலிருந்து பார்த்ததில்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்தேன். முன்வரிசையில் இரண்டு சின்னப் பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி இன்னொருத்தி காதில் ஏதோ சொன்னாள்.

பிறகு ஜெபம். எல்லோரும் முழங்கால் போட்டார்கள். நானும் சேரிலிருந்து இறங்கி முழங்கால் போட்டேன். ஜெபத்துக்கு இறங்குகிறவளை யாரும் தடுக்க முடியாது. டைல்ஸ் தரை முட்டியைக் கொன்றது. ஆனால் கிரேஸியின் தோள் என் தோளில் இருந்தது. அவள் முழங்கை என் விலாவில் இடித்தது, பழைய மாதிரியே, கூர்மையாக. அவள் உடம்புச் சூடு என் கையில் பட்டது. போதகர் நோயாளிகளுக்காக ஜெபித்தார், வேலை இல்லாதவர்களுக்காக, மழைக்காக, அரசாங்கத்துக்காக. என் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு ஜெபம் முடியக் கூடாது என்று ஜெபித்தேன். ஆண்டவரே, இந்தப் போதகர் ஐயா இன்னும் யாரையாவது மறந்திருப்பார், ஞாபகப்படுத்தும் என்று கேட்டேன்.

ஆமென் என்றார்கள். எல்லோரும் பாயில் உட்கார்ந்தார்கள். நான் முழங்காலிலேயே நின்றேன், அப்படியே சரிந்து கீழே உட்கார்ந்துவிடலாம் என்று. கிரேஸி என் கக்கத்தில் கை கொடுத்தாள். கேன்டீனில் அண்டா தூக்குகிற கை. ஒரே தூக்கில் என்னைத் தூக்கிச் சேரில் உட்கார வைத்துவிட்டு, என் புடவை மடிப்பைச் சரிசெய்துவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய்க் குந்தினாள்.

7

மனையில் என் பங்கை கிரேஸியின் பெயருக்கே எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் அழுதாள். "வருசா வருசம் வந்து போக்கா" என்றாள். விமான நிலையத்தில் என் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வாசல்வரை வந்தாள், அதற்கு மேல் அவளை விடவில்லை.

இங்கே இன்னும் குளிர்காலம் முடியவில்லை. நான் இல்லாத நேரத்தில் சபைக் கூட்டம் போட்டு, வசந்தம் வந்ததும் எங்கள் சர்ச்சை மூடிவிடுவது என்று தீர்மானித்திருக்கிறார்கள். கட்டடத்தை விற்றுவிட்டு, ஊரின் மறுகோடியில் இருக்கிற இன்னொரு சபையோடு சேர்ந்துவிடப் போகிறோம். அங்கே பெஞ்சு கிடையாது, மெத்தை வைத்த சேர்தானாம். எங்கள் பெஞ்சுகளை ஒரு உணவகத்துக்காரர் கேட்டிருக்கிறாராம்.

திரும்பி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கிரஹாம் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு இதையெல்லாம் சொன்னார். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. அவர் மனைவியின் அடக்க ஆராதனை நடந்த சர்ச் அது. பிறகு ஊர் எப்படி இருந்தது, உறவுக்காரர்கள் எல்லோரையும் பார்த்தாயா என்று கேட்டார். நன்றாகக் கவனித்துக்கொண்டார்கள் என்றேன். அது பொய் இல்லை.

"புது இடத்தில் உனக்கு எங்கே உட்காரப் பிடிக்கும், எஸ்தர்? முன்னாலா, பின்னாலா, ஜன்னலோரமா? இப்போதே சொல்லிவிடு. நான் முன்கூட்டியே போய்ப் பார்த்து வைக்கிறேன்."

நான் கயிற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். தூணோரத்துப் பெஞ்சின் மேல் யாரோ பழைய பாட்டுப் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தார்கள்.

"எங்கே என்றாலும் எனக்கு ஒன்றுதான்" என்றேன்.

எதற்கும் அடம்பிடிக்காத நல்ல மனசு உனக்கு என்று அவர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.